அந்தப் பத்து மீட்டர் வளைவு

அன்புள்ள மீனா,

நாலு மாதமாகப் பதில் போடாதது தப்புதான். நீ திட்டி எழுதுவாய் என்று பார்த்தால் நீ வடிவமைக்கும் சாலைச் சந்திப்பின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறாய். திட்டையே தாங்கியிருப்பேன்.

மரம், பெஞ்சு, விளக்கு எல்லாம் சரி, விடு. தெருமுனையில் நடைபாதை விளிம்பின் ஓரக்கல் திரும்பும் வளைவுக்கு 10 மீட்டர் ஆரம் போட்டிருக்கிறாயே, நம் பேராசிரியர் பரமசிவம் சார் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாரா?

கணக்கைப் பார். பக்கத் தெரு 7 மீட்டர் அகலம். நடந்து வருகிறவர் பெரிய சாலையின் ஓரக்கல்லிலிருந்து 1.5 மீட்டர் உள்தள்ளி நேர்கோட்டில் போகிறார் என்று வைத்துக்கொள். ஆரம் 3 மீட்டர் என்றால் அவர் கடக்க வேண்டியது 7.8 மீட்டர். 10 மீட்டர் என்றால் 16.5! தெரு அதேதான், வளைவுதான் இரு பக்கமும் தின்கிறது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு ஆறரை நொடி பதினான்கு ஆகிறது. தடி ஊன்றி 0.8 மீட்டரில் வருபவர் இருபது நொடிக்கு மேல் வண்டிப்பாதையில் நிற்பார். வளைவு முடிந்து தெரு குறுகும் இடத்துக்குக் கடவையை, அதாவது ஆட்கள் கடக்கும் இடத்தை, தள்ளுகிறேன் என்பாய். போக எட்டரை, வர எட்டரை, பதினேழு மீட்டர் சுற்று. ஒருத்தரும் சுற்ற மாட்டார்கள், அப்புறம் கம்பி வேலி போடச் சொல்வார்கள். இதில் வண்டிக்காரர் வேறு, வளைவு பெரிதானால் பிரேக்கைத் தொடாமலே திரும்புவார்.

“லாரி எப்படித் திரும்பும்?” என்று கேட்பாய், தெரியும். ஓரக்கல்லின் ஆரம் வேறு, சக்கரம் போகும் பாதையின் ஆரம் வேறு. ஓரத்தில் 2 மீட்டர் வண்டி நிறுத்தம் இருந்தாலே சக்கரம் வெளியே தள்ளி, பெரிய வளைவில்தான் போகும். முனையை ஒட்டி 6 மீட்டருக்கு மட்டும் எதையும் நிறுத்த விடாதே, பார்வை மறையும். பக்கத் தெருவின் நிறுத்தக்கோட்டை 3 மீட்டர் பின்னால் இழு. எப்போதாவது வரும் தீயணைப்பு வண்டி எதிர்த்தடத்தைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளட்டும். நீள வண்டி தினமும் வரும் இடமானால், அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டும் அல்லவா, அந்தத் துண்டில் சொரசொரப்பான கல்லை 50 மில்லிமீட்டர் உயர்த்திப் பதி. லாரி ஏறிப் போகும், கார் ஒதுங்கும். ஆனால் நடைபாதைக் கல்லின் நிறத்தில் பதித்துவிடாதே, ஆட்கள் அதன்மேல் போய் நிற்பார்கள்.

நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளம் இன்னொரு கூத்து. முனையின் நடுவில் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறாய். சக்கர நாற்காலி நேராகச் சந்திப்பின் மையத்துக்குப் போகும். ஒவ்வொரு கடவைக்கும் நேராக ஒன்று வேண்டும். 150 மில்லிமீட்டர் உயர ஓரக்கல்லுக்கு 1:12 வாட்டம் என்றால் 1.8 மீட்டர் நீளம். உன் நடைபாதையே அவ்வளவுதானடி! அதனால்தான் நடைபாதையை இறக்காமல், கடவை இடத்தில் சாலையை உயர்த்து என்கிறேன். நெதர்லாந்தில் சிறு தெருமுனைகளில் நடைபாதை அறுபடாமலே ஓடும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

உயர்த்தினால் தண்ணீர் தேங்கும் என்று உன் பொறியாளர் சொன்னது சரிதான். மேடு ஓரக்கால்வாயை அடைத்துவிடும். தண்ணீர் வரும் பக்கத்திலேயே, மேட்டுக்கு முன்னால், வடிகால் வாய் வைக்க வேண்டும். மேட்டுக்குள் குழாய் விடலாம்தான், ஒரே பருவத்தில் இலை அடைத்துவிடும். மட்டம் சமமாகிவிட்டால் பார்வையற்றவருக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியாது, காலுக்குத் தட்டுப்படும் புள்ளி ஓடு கட்டாயம்.

கல்லை உடைக்கும் முன் பெயிண்டும் கூம்பும் வைத்துப் பார். கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவை 1962-இல் சோதனையாகத்தான் மூடினார்கள், 1964-இல் நிரந்தரமாக்கினார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் மடக்கு நாற்காலிதான் போட்டார்கள். உனக்கு ஒரே ஒரு சந்திப்புதானே. இருக்கும் வண்டிகளில் நீளமானதைக் கூப்பிட்டு நாலு தடவை திருப்பச் சொல், எந்தக் கூம்பு சாய்கிறதென்று குறித்துக்கொள்.

அடுத்த படத்தில் முனைக்கு முனை தரை மட்டம் எவ்வளவு உயரம் என்று எழுது. வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வடிகால் வாயை எங்கே வைக்கச் சொல்வது?

அன்புடன்,
வசந்தி