நம் பள்ளிகளின் அடுத்த பத்து ஆண்டுகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோரே, ஆசிரியர்களே, முன்னாள் மாணவர்களே, பங்கு மக்களே,

நம் மறைமாவட்டத்தில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நீண்டகாலத் திட்டம் வகுக்கும் பொறுப்பை ஆயர் எங்கள் குழுவிடம் கொடுத்திருக்கிறார். அந்த வேலைக்காகத்தான் உங்களிடம் நன்கொடை கேட்டு எழுதுகிறோம். புதுக் கட்டடத்துக்கான வசூல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பள்ளிகளின் கணக்கை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கும், ஒவ்வொரு பங்காக (கோயில் சமூகமாக) போய் மக்களிடம் கேட்பதற்கும், கேட்டதை வைத்து முடிவுக்கு வருவதற்கும், அந்த முடிவை நிறைவேற்ற ஓர் ஆளை அமர்த்துவதற்கும் ஆகும் செலவு இது. கொடுப்பவர் பெயரைப் பொறித்து வைக்க இதில் ஒரு சுவர்கூடக் கிடையாது. ஆனாலும் கேட்கிறோம். இன்றைக்கு நம் பள்ளிகளுக்கு இதைவிட அவசரமான தேவை வேறில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இப்போது ஒவ்வொரு பள்ளியும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. சேர்க்கை முடிந்த பிறகுதான் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று தெரிகிறது. எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்த ஆண்டின் பற்றாக்குறையை எப்படிச் சமாளிப்பது என்ற ஓட்டம் தொடங்குகிறது. பங்கிடம் கேட்கிறார்கள். சேமிப்பில் கை வைக்கிறார்கள். கூரைப் பழுதைத் தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் கட்டணத்தை உயர்த்துகிறார்கள். கட்டணம் உயர்ந்ததும் முதலில் வெளியேறுவது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. அடுத்த ஆண்டு வருவதில்லை, அவ்வளவுதான். சேர்க்கை இன்னும் குறைகிறது, பற்றாக்குறை இன்னும் கூடுகிறது. இப்படியே சில ஆண்டுகள் போனால் பள்ளியை மூடும் பேச்சு வந்துவிடும். அப்படி வரும்போது பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மாற்று வழி தேடப் போதிய அவகாசம் இருக்காது.

ஏழைப் பிள்ளையை வெளியே அனுப்பலாம் என்று எந்தத் தலைமையாசிரியரும் முடிவெடுப்பதில்லை. யாரும் முடிவெடுக்காமலே அது நடந்துவிடுகிறது. எங்களை மிகவும் உறுத்துவது இதுதான். கத்தோலிக்கப் பள்ளி பற்றி 1977இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், திருஅவை தன் கல்விப் பணியை முதன்மையாக ஏழைகளுக்கும், குடும்பத்தின் துணையும் அன்பும் கிடைக்காதவர்களுக்கும், நம்பிக்கையிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கும் அளிக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. வசதியானவர்களுக்கு மட்டும் என்று பள்ளி சுருங்கிவிட்டால் அவர்களுடைய சலுகையை நிலைநிறுத்தத்தான் அது உதவும் என்றும் அதே ஆவணம் எச்சரிக்கிறது. கணக்குப் பார்க்காத பள்ளி, தான் விரும்பாமலே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள அமெரிக்காவின் அனுபவம் உதவும். 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் மூன்றாம் பொதுச் சங்கம், ஒவ்வொரு பங்குக் கோயிலின் அருகிலும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தது. மக்கள் உழைத்துக் கட்டினார்கள், அருள்சகோதரிகள் வந்து கற்பித்தார்கள். 1960களின் நடுவில் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே. காரணங்கள் பல. குடும்பங்கள் நகரத்தின் நடுப்பகுதியை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. பள்ளிகள் பழைய இடத்திலேயே நின்றன. பிறப்பு விகிதம் குறைந்தது. எல்லாவற்றையும்விட, பெயரளவுக்கு மட்டும் ஊதியம் பெற்றுக்கொண்டு வேலை செய்த துறவியரின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதை அவர்களுடைய உழைப்பு அதுவரை மறைத்து வைத்திருந்தது. அவர்களுடைய இடத்துக்குப் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) வந்தபோதுதான் உண்மைச் செலவு வெளியே தெரிந்தது.

அந்தச் சகோதரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் அதே தியாகத்தைக் குடும்பம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. திருஅவைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தங்கள் குடும்பத் தேவைக்குப் போதுமான ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று திருஅவைச் சட்டத்தின் 231ஆம் எண் சொல்கிறது. நல்ல ஆசிரியர்கள் நம் பள்ளியை விரும்பியும் வேறு இடத்துக்குப் போக வேண்டிய நிலை வருகிறது என்றால், அது தனிமனிதரின் விருப்பத்தால் வந்த பிரச்சினை இல்லை. திட்டத்தில் தீர்க்க வேண்டியது அது.

உலக அளவில் திருஅவை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளை நடத்துகிறது; 6 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வரும் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. ஆகவே கத்தோலிக்கப் பள்ளிகளின் காலம் முடிந்துவிட்டது என்ற சோர்வுப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. எங்கே வளரும், எங்கே சுருங்கும் என்று முன்கூட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. இந்த ஆண்டு திருமுழுக்குப் பெறும் குழந்தை ஐந்தாறு ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு வரும் வயதை எட்டும். எல்லாப் பங்குகளின் பதிவேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வரப்போகும் சேர்க்கையைப் பற்றி ஒரு நல்ல மதிப்பீடு கிடைக்கும். நம் பள்ளிகளில் பிற சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளிகள் திருஅவைக்கு மிகவும் பிரியமானவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் அரசின் பிறப்புப் பதிவுகளையும், புதுக் குடியிருப்புகள் எங்கே எழும்புகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்புறம், ஒரு வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வகுப்புக்கு அதே பள்ளியில் தொடர்கிறார்கள் என்ற கணக்கு. பல ஆண்டு வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால், எந்த வகுப்பில் பெற்றோர் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஏன் மாற்றினார்கள் என்பதை அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும். நம்மோடு இருப்பவர்களின் கருத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைவது எளிது. விட்டுப்போனவர்களிடம் கேட்பதில்தான் பயன் அதிகம்.

சரி, இதற்கு ஏன் இத்தனை பெரிய ஏற்பாடு, ஆயர் ஓர் உத்தரவு போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நம் பள்ளிகள் எல்லாம் ஒரே கையில் இல்லை. சில மறைமாவட்டத்துக்கு நேரடியாகச் சொந்தம், சில பங்குகளுக்குச் சொந்தம், சில துறவற சபைகள் தொடங்கி நடத்துபவை. திருஅவைச் சட்டத்தின் 806ஆம் எண்ணின்படி, சபைகள் நடத்தும் பள்ளிகளையும் கண்காணிக்கவும் பார்வையிடவும் ஆயருக்கு உரிமை உண்டு. ஆனால் உள்நிருவாகத்தில் சபைகளுக்கு உள்ள தன்னுரிமையையும் அதே எண் காக்கிறது. எனவே எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எல்லோரும் நம்பும் ஒரே மாதிரியான கணக்கை முன்னால் வைத்தால்தான் பேச்சு நகரும். இன்று பள்ளிக்குப் பள்ளி கணக்கு எழுதும் முறையே வேறுபடுகிறது. பங்கின் மின்கட்டணத்தில் பள்ளியின் செலவு கலந்திருக்கிறது. பழுதுபார்ப்பு ஒரு பள்ளியில் ஒரு தலைப்பில், இன்னொன்றில் வேறு தலைப்பில். இதைச் சீர்செய்யவே ஒரு தணிக்கையாளரின் பல வார உழைப்பு வேண்டும்.

உங்கள் நன்கொடையின் முதல் பகுதி அங்கே செல்லும். அடுத்தது, எல்லாப் பள்ளிக் கட்டடங்களையும் ஒரு பொறியாளர் நேரில் பார்த்து, எதை உடனே சரிசெய்ய வேண்டும், எது தாக்குப்பிடிக்கும் என்று எழுதிக் கொடுப்பதற்கு. பிறகு, பங்குகளில் நடக்கும் கேட்டறியும் கூட்டங்களுக்கு. இந்தக் கூட்டங்களை நடத்த வெளியிலிருந்து ஒரு நெறியாளரை அழைக்கிறோம். தன் பள்ளி மூடப்படலாம் என்று அஞ்சும் ஒருவர், அல்லது மூடும் முடிவில் கையெழுத்திட வேண்டிய ஒருவர், அந்தக் கூட்டத்தை நடத்தினால் மக்கள் மனம் திறந்து பேச மாட்டார்கள். இறுதியாக, திட்டம் வெளிவந்தபின் அதை நடைமுறைப்படுத்தும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் முதல் ஆண்டு ஊதியத்துக்கு. இது மிக முக்கியம் என்று நினைக்கிறோம். அழகாக அச்சிட்டு அலமாரியில் தூங்கும் திட்டங்கள் ஏராளம். செய்து முடிக்க ஆள் வைக்காததே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

திட்டமிடல் என்பது வணிக நிறுவனங்களின் வழக்கம், இறைப்பணிக்கு ஒட்டாது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். இயேசு சபை என்ற துறவற சபையினர் 1548இல் சிசிலியின் மெசினாவில் கல்லூரி தொடங்கினார்கள். சில பத்தாண்டுகளில் அவர்களுடைய கல்விக்கூடங்கள் ஐரோப்பாவெங்கும் பெருகிவிட்டன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கல்வி முறை தேவைப்பட்டது. சபைத் தலைவர் அக்வவீவா ஒரு குழுவை அமைத்தார். 1586இல் ஒரு வரைவு எழுதிச் சபையின் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். கற்பிப்பவர்களிடமிருந்து கருத்துகளும் கண்டனங்களும் வந்தன. திருத்தி 1591இல் மறுபடி அனுப்பினார்கள். அதற்கும் கருத்து வந்தது. 1599இல்தான் 'ரேஷியோ ஸ்டூடியோரம்' என்ற இறுதி வடிவம் வெளிவந்தது. தந்தி இல்லாத, ரயில் இல்லாத காலத்தில் அவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதியதால்தான் அது தலைமுறைகளைத் தாண்டி நின்றது. நாங்களும் வரைவை முதலில் உங்கள் கையில் கொடுப்போம். உங்கள் கருத்துகளுக்குப் பிறகே அது ஆயரிடம் போகும்.

ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். திட்டத்தின் முடிவில் சில பள்ளிகளை இணைக்கும் பரிந்துரை வருமா? வரலாம். அதை மறைத்துப் பணம் கேட்க எங்களுக்கு மனமில்லை. எந்தப் பள்ளியைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்கவில்லை என்று மட்டும் உறுதி சொல்கிறோம். இரண்டு பள்ளிகள் ஒரே அறிவியல் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதாலும், எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து கொள்முதல் செய்வதாலும் காப்பாற்றக்கூடிய பள்ளி இருக்கலாம். இணைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், பெற்றோருக்கு இரண்டு ஆண்டு முன்பே தெரிவிப்பதும் இரண்டு மாதத்துக்கு முன் சொல்வதும் ஒன்றாகாது. நம் பள்ளிகளின் கல்வித் தரம் அந்தப் பகுதியின் பிற பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அதே 806ஆம் எண் கேட்கிறது. எல்லாவற்றையும் அரைகுறையாக நடத்தி அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது.

இந்தப் பணத்தை ஓர் ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்குக் கொடுத்தால் நேரடிப் பலன் கிடைக்குமே என்ற கேள்வி நல்ல மனதிலிருந்து வருவது. கட்டண உதவி நிதிக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திவிட்டு இதற்குத் தர வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இந்த ஆண்டே உதவி தேவை. அதற்கு மேல் கொடுக்க முடிந்தவர்களிடம்தான் கேட்கிறோம். இந்த ஆண்டு உதவி பெறும் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை அந்தப் பள்ளி இருக்க வேண்டும். அதன் தம்பி தங்கைக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும்.

கத்தோலிக்கப் பள்ளிகளை நிறுவவும் நடத்தவும் இயன்றவரை உதவுவது இறைமக்களின் கடமை என்று திருஅவைச் சட்டத்தின் 800ஆம் எண் சொல்கிறது. கடமையைச் சொல்லும் அதே சட்டம் கேட்பவர்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 1267ஆம் எண். மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் எண். இரண்டையும் அப்படியே கடைப்பிடிப்போம். இந்த நிதி பள்ளிகளின் நடப்புக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கும். வரவு செலவு விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பங்கு அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்படும். மறைமாவட்ட நிதிக்குழு அதைச் சரிபார்க்கும்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் தங்களுக்கு இதில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஆட்கள் வேண்டும். கணக்கியல், கட்டடப் பொறியியல், புள்ளியியல் தெரிந்த முன்னாள் மாணவர்கள் சில வார இறுதி நாட்களைத் தந்தால் செலவே பெருமளவு குறையும். வீட்டைவிட்டு வர முடியாத முதியவர்கள் தங்கள் பள்ளியின் பழைய படங்களையும் ஆவணங்களையும் கொடுத்து உதவலாம். எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்று சில இடங்களில் அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

நன்கொடையை உங்கள் பங்கு அலுவலகத்தில் செலுத்தலாம். 'பள்ளித் திட்ட நிதி' என்று அச்சிட்ட தனி ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொது ரசீது தந்தால் வாங்க வேண்டாம். மாதம் ஒரு சிறு தொகை என்று பிரித்துக் கொடுக்க விரும்புபவர்கள் அலுவலகத்தில் அதற்கான படிவத்தை நிரப்பலாம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதையும் படிவத்தில் குறிக்க இடம் இருக்கிறது. தேவைக்கு மேல் நிதி சேர்ந்தால், மீதித் தொகை ஒருங்கிணைப்பாளரின் இரண்டாம் ஆண்டு ஊதியத்துக்கு மட்டும் செல்லும் என்று ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
மறைமாவட்டப் பள்ளித் திட்டக் குழுவினர்