நேர்காணல் அழைப்பில் நேரத்தை எழுத்திலும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விருத்தாசலத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். வேலைக்கு விண்ணப்பம் போடவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் வரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருபவர்கள். ஆன்லைன் நேர்காணலுக்கு நிறுவனங்கள் மெயிலில் அனுப்பும் காலண்டர் அழைப்பு இவர்களில் பலருக்குச் சரியாகத் திறப்பதில்லை. அதனாலேயே வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

சென்ற மாதம் ஒரு தம்பிக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. அவர் போன் காலண்டர் மாலை 4 மணி என்று காட்டியது. நேர்காணல் நடந்ததோ காலை 10.30-க்கு. அழைப்போடு வந்த ஐசிஎஸ் கோப்பை (நேரம், தேதி எல்லாம் காலண்டருக்குப் புரியும்படி எழுதியிருக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்து பார்த்தோம். தொடங்கும் நேரம் 103000, அதாவது 10 மணி 30 நிமிடம் 00 விநாடி என்று இருந்தது, அதை ஒட்டியே ஓர் 'இசட்' எழுத்து. இசட் போட்டால் அது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், போன் அதைக் கூட்டி 4 மணி ஆக்கிவிட்டது. போன் மேல் தப்பே இல்லை. இந்திய நேரத்தை எழுதிவிட்டு அதில் இசட் சேர்த்தது அனுப்பிய மென்பொருள். தம்பி இதை விளக்கி எழுதிய மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் அக்கறையில்லாமல் வராமல் போனார் என்றுதானே அங்கே குறித்திருப்பார்கள்? எனக்கு அதுதான் ஆறவில்லை.

இத்தனைக்கும், இந்த ஐசிஎஸ் கோப்புகளை எழுதும் ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998-லேயே வந்துவிட்டது. 2009-ல் திருத்தியும் வெளியிட்டார்கள்.

இன்னொரு தொல்லை 'வின்மெயில்.டேட்' என்ற கோப்பு. கணினியில் நிறுவிய அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளிலிருந்து, அதற்கே உரிய ரிச் டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால், அழைப்பும் இணைப்பும் ஒரே மூட்டையாகி இந்தப் பெயரில் வந்து சேரலாம். அதைப் பிரிக்கத் தெரியாத மெயில் செயலியில் சம்மதம் சொல்லும் பொத்தானே வராது. வைரஸ் என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. அனுப்புபவர்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய், வெளியே போகும் ரிச் டெக்ஸ்ட் மெயில்களை, மற்ற மெயில் செயலிகளுக்கும் புரியும் ஹெச்டிஎம்எல் முறைக்கு மாற்றும்படி வைத்தால் போதும். அப்புறம், அழைப்பை முதலில் தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிப் போனில் திறந்து பார்த்துவிடலாம்.

பிள்ளைகளும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி மெயிலுக்கு வந்த அழைப்பைச் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு செய்து அங்கிருந்து 'யெஸ்' கொடுக்காதீர்கள். அழைத்தவர் பட்டியலில் இல்லாத யாரோ சம்மதித்ததாகத்தான் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். அழைப்பு எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போடுங்கள். கூகுள் காலண்டர் செட்டிங்கில், தெரிந்தவர் அனுப்பிய அழைப்பை மட்டும் சேர் என்று இருந்தால், புது நிறுவனத்தின் அழைப்பு நீங்கள் பதில் சொல்லும்வரை காலண்டரில் ஏறாது. போன் நினைவூட்டும் என்று காத்திருக்காமல் மெயிலைத் திறந்து பாருங்கள்.

நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவினரிடம் நான் கேட்பது இதுதான். தேதி, கிழமை, காலையா மாலையா, இந்திய நேரம் என்ற விவரம், மீட்டிங் லிங்க், கூப்பிட ஒரு போன் நம்பர் எல்லாவற்றையும் மெயிலிலேயே எழுத்தில் போடுங்கள். நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே நேரம் தவறு என்று ஒருவர் காட்டினால், அவருக்கு இன்னொரு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் உரிமையாளர்,
விருத்தாசலம்.