மக்களே, உன் பேச்ச கேட்டேன்

மக்களே,

பிள்ளைங்க படிப்புக்கு உதவி கேட்டு நீ பேசுனத அனுப்பியிருந்தியே, அந்த வீடியோவ நேத்து ராத்திரி அப்பாவும் நானும் ரெண்டு தடவ பாத்தோம். பயம் இல்லாம நல்லா பேசுற. ஆனா ஒண்ணு சொல்லணும், போன்ல சொன்னா நீ இடையில பேசிருவ, அதான் எழுதுறேன். எத்தன பிள்ளைங்க, எத்தன சென்டர், எத்தன பர்சன்ட், எல்லாம் சொன்ன, ஒரு பிள்ளைய பத்தி கூட சொல்லல கேட்டியா.

நம்ம கருப்பட்டி குரூப்புக்கு மொதல்ல லோன் கேட்டுப் போனப்ப நீ எட்டாங்கிளாஸ். நான் கணக்கு நோட்ட வச்சு கிலோ எவ்வளவு லாபம் எவ்வளவுன்னு வாசிச்சேன், மேனேஜர் அடுத்த வாரம் வாங்கன்னுட்டார். எந்திரிக்கும்போது கூட வந்த அக்கா, பனையேறி வீட்டுக்காரி, அவளா பேச ஆரம்பிச்சா. விடியக்காலம் இறக்குற அக்கானிய, அதான் பதனீர, புளிக்கதுக்கு முன்னாடி அடுப்புல ஏத்தணும், பொங்கி வந்தா ஆமணக்கு முத்த நசுக்கிப் போடணும், பதம் பாத்து சிரட்டையில ஊத்தணும், மழையில விறகு நனைஞ்சா அன்னைக்கு உள்ளது அவ்வளவும் போச்சு, "விறகு நனையாம வைக்க ஒரு பெர, சின்னக் கொட்டகை, கெட்டணும் சார், அதுக்குத்தான் இந்த ரூவா"ன்னா. அவரு பேனாவ கீழ வச்சிட்டு பெர எத்தன அடி வேணும்னு கேட்டார். நோட்ட அதுக்கப்புறம் அவரே வாங்கிப் பாத்தார். கணக்கு வேணும் மக்களே, ஆனா ஆளு மொதல்ல வரணும்.

சின்னதுல உன்ன போட்டுல பாறைக்கு கூட்டிட்டுப் போவோமே, அந்த விவேகானந்தர் மண்டபத்த கெட்ட ஏக்நாத் ரானடே பெரிய பணக்காரங்கள மட்டும் நம்பல. 1892 டிசம்பர்ல சாமி விவேகானந்தர் அந்தப் பாறையில உக்காந்து தியானம் பண்ணுன கதைய நாடு முழுக்க கொண்டு போயி ஒரு ரூவா குடுத்தாலும் போதும்னு கேட்டாங்க, சுமார் 30 லட்சம் பேர் குடுத்தாங்க, 1970ல திறந்தாச்சு. ஒரு ரூவா குடுத்தவனுக்கும் அதுல எடம் இருந்துச்சு. நீ கடைசியில "சப்போர்ட் பண்ணுங்க"ன்னு முடிச்சிட்ட, என்னத்த பண்ணணும், பஸ் பாஸா, சாயங்காலம் ஒரு டீச்சருக்கு சம்பளமா, அத சொல்லு.

இன்னொண்ணு, இதத்தான் ரொம்ப யோசிச்சு எழுதுறேன். 2004 சுனாமி முடிஞ்சு குளச்சல் பக்கம் என் கூட்டுக்காரி அழுதுட்டு நிக்கும்போது யாரோ ஒரு அமைப்புக்காரங்க கேக்காமலே போட்டோ எடுத்து நோட்டீஸ்ல போட்டுட்டாங்க. அவ இப்பவும் வெசனப்படுவா, "நான் மீன் வித்து மூணு பிள்ளைய வளத்தேன், அத யாரும் போடலியே"ன்னு. அதனால யாரு கதைய சொல்லப் போறியோ அவங்ககிட்ட கேளு, எழுதினத வாசிச்சுக் காட்டு, வேண்டாம்னா விட்டுரு. அவங்க கஷ்டத்த மட்டும் சொல்லாத, அவங்க செஞ்சத சொல்லு.

வீடியோவுல உனக்குப் பின்னால ஸ்கிரீன்ல ஒரு பிள்ள வந்துச்சு, ஒரு சடை அவுந்து, தம்பிய இடுப்புல வச்சிட்டு கையில நோட்டோட. அடுத்த படம் சட்டுன்னு வந்துட்டு. அவ யாரு மக்களே? அவ அம்மாட்ட கேட்டுட்டு எனக்கு எழுது.

அம்மா