து ஃபூவை எந்த எழுத்தில் தேடுவது?

எங்கள் மாவட்ட மைய நூலகருக்கும் நூல் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். போன மாதம் சீனக் கவிஞர் து ஃபூவைத் (712–770) தேடி நூலகத்துக்கு வந்தேன். கணினியில் பெயரைத் தட்டினால் இல்லை என்றது. சரி, வந்ததற்கு அலமாரியையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மாடியேறினேன். சீன இலக்கியத்துக்கான 895.1 என்ற எண் ஒட்டிய தட்டில், முதுகு வெளுத்துப்போன பெங்குவின் புத்தகம் ஒன்று. லி போவும் து ஃபூவும், ஆர்தர் கூப்பர் மொழிபெயர்த்தது, 1973. கடைசியாக யாரோ எடுத்துப்போன முத்திரை 1994!

புத்தகம் இருக்கிறது, கணினிக்குத்தான் தெரியவில்லை. காரணம் சின்னது. சீனப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதப் பழைய முறை வேட்-ஜைல்ஸ். 1958இல் சீன அரசு ஏற்றது பின்யின். பழையதில் து ஃபூவுக்குத் திருச்சி 'டி' (T), புதியதில் டில்லி 'டி' (D). நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'து'தான், வம்பே இல்லை. ஆங்கில அட்டவணையில் அவர் இரண்டு ஆளாகிவிடுகிறார். கவிஞர் லி போவும் லி பாயும் ஒரே ஆள்தான், அவர் கதையும் அப்படியே.

அப்புறம் எண் வரிசை. கன்பூசியஸ் 181இல், தத்துவத்தோடு. தாவோ சமய நூலான தாவோ தே ஜிங் 299இல், சமயத்தோடு. வரலாற்றாசிரியர் சிமா சியான் வரலாற்றில். ஷி சிங் என்ற பழைய சீனக் கவிதைத் தொகைநூலின் 305 பாடல்களிலிருந்து, 'பயணி' என்ற பெயரில் எழுதும் மொழிபெயர்ப்பாளர் நேரடியாகச் சீனத்திலிருந்து தமிழாக்கிய தொகுப்போ, கீழ்த்தளத்தில் புதுக்கவிதைகளுக்கு நடுவே. முதல் மூன்றும் உங்கள் தவறல்ல, நூலக எண்முறையை உருவாக்கிய டூயி வகுத்த வழி. ஆனால் 895.1 தட்டில் 'இவையும் உண்டு, இந்த எண்களில் பாருங்கள்' என்று ஒரு தாள் ஒட்டலாமே? அட்டவணையில் இரண்டு எழுத்துமுறையையும் சேர்த்தால் போதும்.

உண்மையான மனக்குறை வேறு. சிவப்பு மாளிகைக் கனவு என்ற சீன நாவல், பெய்ஜிங் ஆங்கிலப் பதிப்பு, மூன்று பாகம், 120 அத்தியாயம். உங்களிடம் முதலும் மூன்றும்தான் உள்ளன. நாற்பதாவது அத்தியாயத்தில் நிறுத்திவிட்டு 81க்குத் தாவ வேண்டியிருக்கிறது. முதல் 80தான் சாவ் சுவேசின் எழுதியவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் தொலைந்துபோனது அவர் எழுதியதில் சரிபாதி. எப்படியாவது அந்த இரண்டாம் பாகத்தை வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் பரவாயில்லை.

து ஃபூவுக்குக் காசே வேண்டாம். ஸ்டீபன் ஓவன் அவருடைய எல்லாக் கவிதைகளையும் ஆறு பாகங்களாக மொழிபெயர்த்து 2016இல் வெளியிட்டார். பதிப்பகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது, பக்கத்தில் சீன மூலத்தோடு. வாசகர் கணினியில் இறக்கிவைத்தால் வேலை முடிந்தது.

அந்தத் தாளில் வர வேண்டிய பெயர்களை இரண்டு எழுத்துமுறையிலும் எழுதிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன். மேல்தட்டு எனக்கு எட்டாது, ஒரு ஸ்டூல் மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலக உறுப்பினர்