சினிமா கொட்டகைக்குள் தபால்தலை வாங்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடிந்துபோனவற்றுக்காக வருந்தியிருக்கிறீர்கள், சரி. நான் எழுத வந்தது இடியாமல் நிற்கும் ஒன்றைப் பற்றி.

எனக்குத் தபால்தலை சேர்க்கும் பைத்தியம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போதே மாதம் ஒருமுறை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துக்குப் போய்விடுவேன். அந்த வளாகத்தில் உள்ள ஒரு பழைய கட்டடத்தில்தான் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கான பிரிவு. புதுத் தலை வந்ததா, முதல் நாள் உறை (தலை வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை) கிடைக்குமா, முத்திரை மசி அப்பாமல் விழுந்திருக்கிறதா, இதைத் தவிர வேறெதையும் நான் அங்கே கவனித்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, நாம நிக்கிறது சினிமா கொட்டகை, தெரியுமா?" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கிண்டல் இல்லை. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. அதற்கு முன்பே சென்னையில் மண்டபங்களிலும் கூடாரங்களிலும் படம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் படம் காட்டுவதற்கென்றே நிலையாகக் கட்டிய கொட்டகைகளில், நகரத்தில் ஆரம்ப காலத்தது இதுதான். சில வருடங்களிலேயே படம் நின்றுபோய், கட்டடம் தபால் துறையின் கைக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடுத்த வருடம், 1914இல், ரகுபதி வெங்கையா சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் தியேட்டர் என்று அதைச் சொல்வார்கள். அது தலைமுறை தலைமுறையாகப் படம் ஓட்டியது, கடைசியில் போய்விட்டது. எலெக்ட்ரிக் சீக்கிரமே சினிமாவைக் கைவிட்டதால் பிழைத்துக்கொண்டது! தியேட்டராகவே இருந்திருந்தால் இன்று அங்கே ஒரு வணிக வளாகம் நின்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தபால் துறைக்கு சினிமா ரசிகர்கள் ஒரு நன்றி சொல்லலாம்.

கோயம்புத்தூரிலும் 1914தான். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், அங்கே வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். இன்று வெரைட்டி ஹால் ரோடு என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். எந்த ஹால், என்ன வெரைட்டி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? சென்னையில் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலை வழியாக நான் நூறு முறையாவது போயிருப்பேன். மோட்டார் வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுக்க ஸ்டுடியோ போட்டது அங்கேதான். படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது அந்தச் சாலை மட்டும்தான். சேலத்தில் பரவாயில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவாவது நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' எடுத்த நிறுவனத்தின் வாசல் அது என்று தெரியாதவர்கள்கூட அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பாரிஸில் 1895 டிசம்பர் 28 அன்று சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் ஒரு காப்பிக் கடையின் கீழ்த்தளத்தில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். வந்தவர்கள் 33 பேர். அந்த இடத்தின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். லண்டனில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் நடந்து சாலையைக் கடந்த வெறும் வரிக்குதிரைக் கோடுகளையே 2010இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள். பீட்டில்ஸின் சொந்த ஊரான லிவர்பூல்காரர்கள் மட்டும் நம்மைப் போல. பீட்டில்ஸ் பாடி வளர்ந்த கேவர்ன் கிளப்பை 1973இல் மூடவிட்டு, பிறகு மனம் கேட்காமல் பழைய செங்கற்களையும் சேர்த்துத் திரும்பக் கட்டினார்கள்.

நமக்கும் சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம். சுவரில் ஒரு கல் போதும். அந்தக் கல்லில் திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வரவேற்புரை ஆற்றியவர் பெயர் எல்லாம் வந்து, என்ன நடந்தது என்பது கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது. இன்னொன்று, 'முதல்' என்ற சொல்லைப் பார்த்துப் போட வேண்டும். 'கீசக வதம்' வந்த வருடத்தை ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். 1917 வாக்கில் என்று எழுதினால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. தப்பான வருடத்தைக் கல்லில் வெட்டிவிட்டால் அப்புறம் அதை அழிப்பவர் யார்?

அண்ணா சாலைக்கு மட்டும் எனக்கு வேறொரு ஆசை உண்டு. சில ஊர் அஞ்சலகங்களில் அந்த ஊரின் கோயிலையோ கோட்டையையோ வரைந்த நிரந்தரச் சித்திர முத்திரை வைத்திருப்பார்கள். எந்த நாளில் போய்க் கேட்டாலும் உறையில் குத்திக் கொடுப்பார்கள். எலெக்ட்ரிக் தியேட்டரின் முகப்பை வரைந்து அப்படி ஒரு முத்திரையை அந்தக் கவுன்டரிலேயே குத்த வேண்டும். கொட்டகையின் படம் கொட்டகைக்குள்ளேயே உறையில் விழும். அது வரும் நாளில் வரிசையில் முதல் ஆளாக நின்று, ஒரு உறையை எனக்கே எழுதி அனுப்பிக்கொள்வேன். இன்னொன்று உங்கள் அலுவலகத்துக்கு.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.