131-இல் 161-ஆவது: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கட்டில் நிறையப் பிரித்துப் போட்ட போக்கிமான் விளையாட்டு அட்டைப் பாக்கெட் உறைகள். பெரிதாக்கி எண்ணினேன், 48. கீழே ஒரே ஒரு வரி: ‘மாமா, அம்ப்ரியான் வரவில்லை.’ பயிற்சிக்காலச் சம்பளம் மொத்தமும் அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது என்பது நீ எழுதாமலே புரிந்தது. உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஊரறிய எழுதுவதால் அவளே படித்துவிடலாம். படித்தால் எனக்கும் சேர்த்தே அர்ச்சனை நடக்கும், இந்த அட்டைப் பைத்தியத்தை உனக்குத் தொற்றவைத்தவன் நான்தானே.

நீ தேடும் அம்ப்ரியான் என்ற அந்தப் போக்கிமான் அட்டையின் கீழ் மூலையைக் கவனித்திருக்கிறாயா? 161/131 என்று அச்சிட்டிருக்கும். 2025 ஜனவரியில் வந்த பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் தொகுப்பில் மொத்தம் 131 அட்டைகள் என்று சொல்லிவிட்டு, இது அதில் 161-ஆவது என்கிறார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் இதைத் ‘தகா பின்னம்’ என்பார். தகாததுதான், ஆனால் விற்கிறது. எண்ணி முடித்த பட்டியலுக்கு வெளியே இன்னொரு பட்டியல் போட்டு, அதற்குள்தான் ஆசைப்படத்தக்க எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, ஒரு சாதாரண அட்டையே வெறும் அச்சில் ஒன்று, மினுக்குப் பூச்சில் ஒன்று, போக்கிமான் பந்துச் சின்னம் பதித்து ஒன்று, மாஸ்டர் பந்து பதித்து ஒன்று என்று நான்கு வேடத்தில் வருகிறது. படம் ஒன்றுதான், பளபளப்பு வேறு. இப்படித் தேடி அலையவைக்கும் அட்டையைத்தான் உங்கள் வட்டாரத்தில் ‘சேஸ் கார்டு’ என்கிறீர்கள். துரத்துவது நீங்கள், ஓட வைப்பது அச்சகம்.

அரிதாக இருப்பதையெல்லாம் நான் பழிக்கவில்லை. தானாக அரிதாகிப் போனதும் உண்டு, அரிதாக்கி உறைக்குள் போட்டு விற்பதும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை வைத்தது. அவற்றில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படத்தை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தன் படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கட்சி. பணம் தராததால் ஒப்புக்கொள்ளவில்லை என்பது இன்னொரு கட்சி. மனிதர் புகையிலை மெல்லும் பழக்கம் உள்ளவர், அதனால் நான் இரண்டாவது கட்சி. எப்படியோ, இன்று கையிருப்பாக அறியப்பட்டவை சுமார் 60 மட்டுமே. 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அதைவிட எனக்குப் பிடித்தது மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டைக் கதை. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் தவணை தவணையாக வெளியிட்ட பேஸ்பால் தொகுப்பில் அவர் 311-ஆம் எண். அந்தக் கடைசித் தவணை கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடியும் நேரம், பையன்களின் கவனம் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. பெட்டி பெட்டியாகத் தேங்கிய சரக்கைக் கழிவு விலைக்குக் கொடுத்தும் வாங்க ஆளில்லை. 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்ஸிக் கரையைத் தாண்டி அட்லாண்டிக்கில் கொட்டியதாக அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவணையின் அச்சுத் தாளில் மேன்டில் இரண்டு இடத்தில் இருந்தார். அதாவது தன் தவணையின் பெரும்பாலான அட்டைகளைவிட இரு மடங்கு அச்சடிக்கப்பட்டவர். 2022 ஆகஸ்டில் அதே அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடலும், பையன்களின் சலிப்பும், வீடு பெருக்கிய தாய்மார்களும் சேர்ந்து ஆக்கிய அரிது அது. எந்த விற்பனைப் பிரிவும் உட்கார்ந்து திட்டமிட்டதில்லை.

உன் அம்ப்ரியானுக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. அது பிறக்கும்போதே பாதுகாப்பு உறையோடு பிறந்தது. பாக்கெட்டில் அது கிடைத்தவன் எவனும் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. இன்னும் 50 ஆண்டு கழித்தும் அவை அனைத்தும் அப்படியேதான் இருக்கும்.

கணக்கையும் கொஞ்சம் பார். எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்ற எண்ணிக்கையை நிறுவனம் வெளியிடுவதில்லை. ஒரு பேச்சுக்கு 500-க்கு ஒன்று என்று வைத்துக்கொள். 500 பாக்கெட் பிரித்தால் கிடைத்தே தீரும் என்றுதானே மனம் சொல்கிறது? 100 பேர் ஆளுக்கு 500 பிரித்தால், ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். முன்னால் பிரித்த 48 அடுத்த பாக்கெட்டுக்குத் தெரியாது. ‘இவ்வளவு போட்டாகிவிட்டது, இனி வரும்’ என்பது லாட்டரிக் கடை வாசலில் நின்ற என் பெரியப்பாவும் சொன்ன வசனம்தான்.

உபதேசம் செய்ய எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பாய். கேட்கலாம். 2021-இல் எவால்விங் ஸ்கைஸ் தொகுப்பு வந்தபோது நானும் ஓர் அம்ப்ரியான் பின்னால் ஓடினேன். உயர்ந்த கோபுரத்தின் மேல் நின்று நிலாவை நோக்கிக் காலை நீட்டுமே, அதுதான். 215/203, அதுவும் தகா பின்னம். 36 பாக்கெட் கொண்ட பெட்டி இரண்டு பிரித்தேன். விரல் நுனியில் அலுமினியத் தாளின் கீறல்தான் மிச்சம். பிறகு அந்த அட்டையை மட்டும் ஒற்றையாகவே வாங்கினேன். மூன்று நாள் விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நான்காம் நாள் அலமாரியில் வைத்தது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. அழகான அட்டைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது அதைத் தேடிய இரவுகளா, அதுவேதானா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. 1999-இல் அமெரிக்காவில் வந்த முதல் ஆங்கிலப் போக்கிமான் தொகுப்பில், முதல் பதிப்பு அட்டைகளுக்குப் படத்தின் இடது கீழ்ப்புறம் சிறிய கறுப்பு முத்திரை இருக்கும். அந்த முத்திரையோடு ஒரு மசாம்ப் அட்டை இணையத்தில் கிடைத்தது. புதையல் என்று நினைத்து, விற்றவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, மசாம்ப் அன்றைய இருவர் விளையாடும் தொடக்கப் பெட்டிகளில் வந்த அட்டை, பின்னால் வந்த அச்சுகளிலும் அதே முத்திரையோடுதான் வந்திருக்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நான்தான் முத்திரையைப் பார்த்தேன், அட்டையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதே 1999 தொகுப்பில் ‘ஸ்குவர்ட்டில்’ என்ற போக்கிமானின் அட்டை என்னிடம் இரண்டு இருக்கிறது, இரண்டும் 63/102, மிகச் சாதாரண அட்டை. அடுத்தமுறை வரும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஒன்றில் படச் சட்டத்தின் வலப்புறமும் கீழும் மெல்லிய சாம்பல் நிழல் ஓடும், சட்டம் அட்டையிலிருந்து சற்று எழும்பி நிற்பது போலத் தோன்றும். மற்றதில் அந்த நிழல் இல்லை, படம் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். மஞ்சள் ஒரு சாயல் வெளுப்பு, எழுத்துகள் ஒரு நூல் மெலிவு. அடியில் உருப்பெருக்கியை வைத்தால் உரிமைக் குறிப்பில் 95, 96, 98-ஐத் தொடர்ந்து 99-உம் நிற்கும். நிழல் விழுந்த அட்டையில் அந்த வரிசை 98-உடன் முடிந்துவிடும். ஆரம்ப அச்சுகள் சில ஓடிய பிறகு யாரோ ஒரு வடிவமைப்பாளர் ‘இங்கே கொஞ்சம் நிழல் போட்டால் எடுப்பாக இருக்கும்’ என்று நினைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிழல் வந்ததால் நிழலில்லாதது அரிதாகிவிட்டது. அந்த ஸ்குவர்ட்டிலின் ஒரு மூலை மழுங்கியிருக்கிறது, பின்புற நீலத்தில் வெள்ளை வெடிப்பு இருக்கிறது. தர மதிப்பீட்டுக்கு அனுப்பினால் பத்துக்கு நான்கு, ஐந்துக்கு மேல் தரமாட்டார்கள். நான் அனுப்பப் போவதுமில்லை. எங்கோ ஒரு பையன் அதை வைத்து நிஜமாகவே விளையாடியிருக்கிறான்.

பொருட்காட்சியில் உனக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு பெட்டி வாங்கித் தந்தேனே, எல்லாம் தங்க நிறத்தில்? அத்தனையும் போலி. அன்றே தெரியும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உண்மையான அட்டையின் நடுவே கருமையான ஓர் அடுக்கு இருக்கும், பின்னால் டார்ச் அடித்தால் ஒளி எளிதில் ஊடுருவாது. ஒற்றையாக வாங்கும்போது இது உனக்குப் பயன்படும். ஒற்றையாகத்தான் வாங்கப் போகிறாய் என்று நம்புகிறேன், ஆறு மாதம் பொறுத்து. புதுத் தொகுப்பு வந்த சூட்டில் வாங்காதே, அடுத்த தொகுப்பு வந்து எல்லோரும் அந்தப் பக்கம் ஓடும்போது வாங்கு.

இன்னொன்று. 48 பாக்கெட் என்றால் 480 அட்டையாவது இருக்கும். அம்ப்ரியான் இல்லை என்றதும் அவற்றைச் செருப்புப் பெட்டியில் அள்ளிப் போட்டிருப்பாய். தூக்கி யாருக்கும் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது அப்படியே கொண்டு வா, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெட்டு நகர்ந்தது, மை தவறியது, பக்கத்து அட்டையின் கோடு எட்டிப் பார்ப்பது எதுவும் தப்பக்கூடாது. நிறுவனம் திட்டமிடாமல் நழுவவிட்டது ஏதாவது இருந்தால் அதில்தான் இருக்கும்.

நீ அனுப்பிய படத்திலேயே, தலையணை ஓரத்தில் ஒரு நீலநிற நீர்வகை அட்டை கிடக்கிறது பார். அதன் இடது விளிம்பு வலதைவிட நன்றாகவே அகலமாகத் தெரிகிறது. மூலையில் வேறு ஏதோ ஒரு கோடு. படம் கோணலாக எடுத்ததாலும் இருக்கலாம். எதற்கும் அதை உடனே பாதுகாப்பு உறையில் போட்டுவிட்டு, நேராக வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. இன்றிரவு விழித்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா