அந்தமான் பயணத்தில் அந்த நான்காம் நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பொங்கல் கழிந்ததும் அந்தமான் போய்வர எங்கள் தெருப் பெண்கள் சிலர் மாதச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து வருகிறோம். மதுரையிலுள்ள ஒரு சுற்றுலா முகவர் வீட்டுக்கே வந்து திட்டத்தை விளக்கினார். கப்பல் என்றால் மூன்று நாள் ஆகும், சென்னையிலிருந்து விமானமே நல்லது என்றார். செல்லுலார் சிறை, ஹேவ்லாக், நீல் தீவு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான்காம் நாளுக்கு நேரே, "பாராடாங் பயணம், வழியில் ஜாரவா பழங்குடியினரைக் காணும் வாய்ப்பு" என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அது என்ன என்று கேட்டேன். "அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் முதல் வரிசை வண்டிகளோடு போய்விடலாம் அம்மா. அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரம் நிற்பார்கள்" என்றார். சரணாலயத்தில் புலி தென்படுவதைச் சொல்வது போல் சொன்னார். எனக்கு மனம் கொதித்துவிட்டது.

பாராடாங் தீவுக்குப் போகும் அந்தச் சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டி ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டிகளை ஒன்றுசேர்த்துப் போலீஸ் காவலோடுதான் அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. அந்தமான் பழங்குடியினரைக் காக்க 1956லேயே சட்டம் வந்துவிட்டது, மீறினால் சிறை. சாலையில் ஜாரவா மக்களுக்கென ஒதுக்கிய காப்பகத்தின் ஊடே போகும் பகுதியை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனாலும் வண்டிகள் ஓடுகின்றன. 2012இல் உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ வெளியாகி எவ்வளவு கண்டனம் எழுந்தது! ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் பக்கத்து மக்கள் ஊர் போய்ச் சேர அந்தச் சாலையை நம்பியிருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிற நமக்கு அங்கே என்ன வேலை?

நான் உசிலம்பட்டி, சேடபட்டி பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரிசல் காட்டு வழியே நடந்திருக்கிறேன். மணல்வாரி அம்மை (தட்டம்மை) கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே பிள்ளை, பீளை கட்டிய கண்ணைத் திறக்க முடியாமல், வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கும். தடிப்பு அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று தாய் மூச்சுவிடுகிற நேரத்தில் நெஞ்சில் சளி கட்டும். மெலிந்த பிள்ளைகளை அதுதான் கொண்டுபோகும். தலைமுறை தலைமுறையாக இந்த நோயைப் பார்த்துப் பழகிய நம் ஊரிலேயே இந்தக் கதி.

வெளியாரோடு ஒட்டுறவே இல்லாமல் வாழ்ந்த மக்களிடம் அது போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தமானே சாட்சி. 1858இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியபோது கிரேட் அந்தமானியர் என்னும் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877இல் மணல்வாரி அவர்களிடையே பரவியது. மற்ற நோய்களும் சேர்ந்துகொண்டன. இன்று சில பத்துப் பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியது 1990களின் கடைசியில். 1999லேயே அவர்களுக்கும் மணல்வாரி வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் மொத்தமே நானூறு பேருக்கும் குறைவு. நாம் ஜன்னல் வழியே நீட்டுகிற பிஸ்கட்டோடு நம் இருமலும் போகிறது.

பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையும் அலையாத்திக் காட்டு ஓடையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குழு அந்த நாளை அடித்துவிட்டது. விலையில் குறைக்க முடியாது என்று முகவர் சொன்னார், சம்மதித்தோம். அதற்குப் பதில் வண்டூரிலிருந்து படகில் போய்க் கடல் தேசியப் பூங்காவின் பவளப்பாறைகளைப் பார்க்கிறோம். அங்கே பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பதால் எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி வாங்கியாயிற்று. (போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜனவரியில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். முகவர் மாலை ஆறு மணிக்குக் கடற்கரை என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.) இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், மொழிக்கும் சாப்பாட்டுக்கும் கவலையில்லை.

மதுரை முகவர்கள் அந்த ஒரு வரியைத் தங்கள் துண்டறிக்கைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுற்றுலாத் துறை அவர்களை அழைத்துச் சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: பழங்குடியினரைக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தங்கள் நாளிதழில் ஏற்காதீர்கள். அந்தமான் பற்றிய பயணக் கட்டுரை வரும்போதெல்லாம், அந்தச் சாலையில் எதெல்லாம் குற்றம் என்பதைக் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுங்கள். முழு ஆண்டுத் தேர்வு விடுமுறைக்கான முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.